வழியில் கிடைக்காதது

லடாக்குக்கு பைக்கில் போகிற பையன்கள் பை தைக்க என்னிடம் வரும்போது, பையின் அளவைச் சொல்வதற்கு முன்னால் உள்ளே போக வேண்டிய சாமான்களின் பட்டியலைக் காட்டுவார்கள். செல்போனில் தள்ளத் தள்ள அது முடியாது. நான் அதைப் படிப்பதில்லை. "தம்பி, போற வழியில என்னென்ன கிடைக்காதுன்னு எழுதிட்டு வா, அதுக்கு மட்டும் தைக்கிறேன்" என்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு ராஜபாளையத்தில் ரெடிமேட் பை வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பேர் எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும்.

நான் நைட்டி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்று ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டு கிடக்கிற எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு பவர் மெஷின் ஓடும். பை தைப்பது உபதொழில். புல்லட் ஓட்டுவது மூன்றாவது. அதில் காசு வராது, போகும். துணியும் சுமையும் வண்டியும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டதால், இந்தப் பக்கத்து ஜனங்கள் தொலைதூரம் போகும்போது எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருவன் எவ்வளவு தூக்கிக்கொண்டு போகிறான் என்பதைப் பாதைதான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. சத்திரம் இல்லாத வழியில் பாய் வேண்டும், கிணறு இல்லாத வழியில் குடுக்கை வேண்டும், பங்க் இல்லாத வழியில் கேன் வேண்டும். ஆசை, பயம், சிக்கனம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நடைக்காலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மதுரையிலிருந்து தெற்கே போகிற பழைய பாதைகள் பலவற்றில் இன்றைக்கும் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல். கிட்டத்தட்ட நெஞ்சு உயரம். தலைச்சுமைக்காரனுக்குச் சுமையைத் தூக்கி நடப்பதைவிடப் பெரிய பிரச்சினை இறக்கி ஏற்றுவது. தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவன் என்ன செய்வான்? கல்லின் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்தால் மூட்டை அதில் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மூச்சு வாங்கிவிட்டு, அதே மாதிரி தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்த வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக ஊரார் சுமையை அந்தக் கல் தாங்கும் என்பது நம்பிக்கை. நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்துப் போடுவது இந்தக் கல்லைத்தான். மைல்கல்லுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை.

ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டாள். சாலை போட்டது, மரம் நட்டது, சத்திரம் கட்டியது என்று அவள் பேரில் சொல்வதெல்லாம், என் தொழில் கண்ணால் பார்த்தால், மூட்டையைக் குறைத்த வேலை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. தெற்கே சில துண்டுச் சாலைகளுக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். ராத்திரி தங்க இடமும் பொங்கித் தின்ன அடுப்பும் ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், பானையையும் பாயையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் அல்லவா?

அந்தக் காலத்து நடையாளின் சாமான்கள் எவை என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடுப்பில் ஒரு வேட்டி, மாற்று வேட்டி ஒன்று, தோளில் துண்டு. இந்தத் துண்டு செய்த வேலையை இன்றைக்கு ஐந்தாறு சாமான்கள் சேர்ந்து செய்கின்றன. வெயிலில் தலைப்பாகை, சுமை ஏறினால் சுருட்டி வைத்தால் சும்மாடு, குளித்தால் துவட்ட, படுத்தால் விரிக்க, சந்தையில் நாலு சாமான் வாங்கினால் முடிச்சுப் போட்டு மூட்டை. தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. நன்றாகக் காய்ந்த குடுக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் எடையைச் சொல்வதற்கே யோசிக்க வேண்டும்.

சாப்பாடும் கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்கள். முதல் நாள் பகலுக்குத் தயிர்ச்சோறு. ஆனால் கட்டும்போது தயிர் ஊற்ற மாட்டார்கள். பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி மோரைத் தெளித்துக் கட்டினால் மத்தியானம் பிரிக்கும்போது பதமாக உறைந்திருக்கும். மறுநாளுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு. அதற்கும் அப்பால் என்றால் வறுத்து இடித்த மாவும் வெல்லப்பாகும் சுக்கும் சேர்ந்த பொருள்விளங்கா உருண்டை. பல் உள்ளவனுக்குத்தான் அது சாப்பாடு. மூன்றாவது நாளுக்கு மேல் என்ன செய்வீர்கள் என்று ஆச்சியைக் கேட்டேன். "மூணாம் நாளு ஒரு சத்திரமோ சொந்தக்காரன் வீடோ வரலேன்னா அந்தப் பக்கம் எதுக்குப்பா போகணும்?" என்றாள்.

போகத்தான் போனார்கள். எங்களுக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் மலையாள தேசம். மிளகும் பாக்கும் அங்கே, துணியும் வத்தலும் இங்கே. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை என்று போய் ஆரியங்காவு கணவாயில் ஏறுவது எங்கள் வழி. இன்றைய திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஏறக்குறைய அதே தடம்தான்.

ஆரியங்காவில் இருக்கிற சாஸ்தா கோயிலில் மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகப் போவார்கள். காரணமாகச் சொல்கிற கதை, ஒரு ஜவுளி வியாபாரியின் கதை. திருவிதாங்கூர் ராஜாவுக்குப் பட்டுத் துணி கொண்டுபோன மதுரை சௌராஷ்டிர வியாபாரி, கூட வந்த மகள் புஷ்கலையை ஆரியங்காவுக் கோயிலில் அர்ச்சகர் பொறுப்பில் விட்டுவிட்டு மேலே போனாராம். காட்டுப் பாதை, மிருக பயம், வயசுப் பெண். வழியில் யானை மறித்தது. ஒரு வேடன் வந்து காப்பாற்றி, பதிலுக்கு உன் பெண்ணைத் தா என்றான். வேடன் யார் என்பது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. பெண் சந்நிதியிலேயே ஐக்கியமாகியிருந்தாள். பக்தர்கள் இதைப் பக்தியோடு கேட்கட்டும். எனக்கு இதில் படுவது அந்தப் பாதை. துணி மூட்டையோடு போகிற ஒருவன், பெற்ற பெண்ணைக்கூட நடுவழியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்த பாதை அது.

அரசியலும் மூட்டையில் ஏறியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியோடு இருந்தது. அதற்கு முன்னால் சமஸ்தான காலத்தில், எங்கள் ஆட்கள் தென்காசியைத் தாண்டினால் வேறு ராஜ்யம், வேறு காசு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இடுப்புச் சுருக்குப் பையில் இரண்டு அறை தைத்துக்கொள்வார்கள், காசு கலக்காமல் இருக்க. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய பை கிடந்தது. தையல் கைத்தையல்தான்; பிரித்துப் பார்க்க மனசு வரவில்லை.

1904இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் மலையைக் குடைந்து மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்காமல் அந்த வழியில் போனவர்கள் கிடையாது. 1927இல் விருதுநகர் – தென்காசிப் பாதை வந்தபிறகு ராஜபாளையத்தில் ஏறினால் மறுகரையில் இறங்கலாம் என்று ஆனது. ரயில் வந்தால் மூட்டை சிறுக்க வேண்டும். நடந்ததோ வேறு. சோறு கட்டுவது குறைந்தது, சரக்கு கூடியது. தன் தலை தூக்காது, வண்டி தூக்கும் என்று தெரிந்ததும் மனிதனுக்கு வேண்டியவை கூடிவிட்டன. டிரங்குப் பெட்டி எங்கள் வீடுகளுக்குள் வந்தது ரயிலோடுதான். வண்டி வாங்கியவுடன் பெரிய கேரியர் போடுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

இனி, சபரிமலைக்குத் தலையில் வைத்துக்கொண்டு போகிற இருமுடி. கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் நான் அதிகம் தைப்பது அதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை உண்டு.

நீளமான ஒரே துணி, நடுவில் சேர்த்துத் தைத்து இரண்டு அறை. முன்முடியில் சாமிக்கு உள்ளது, பின்முடியில் நமக்கு உள்ளது. தலையில் வைக்கும்போது முன்னும் பின்னும் எடை சமமாகத் தொங்கினால் கை பிடிக்காமலே நிற்கும். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகளுக்கும் கணக்கு இதேதான். ஒரு பக்கம் கனத்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அது நன்றாகத் தெரியும்.

முன்முடியின் தலைவன் நெய்த்தேங்காய். தேங்காயின் நாரைத் தேய்த்து எடுத்து, கண்ணில் துளைபோட்டுத் தண்ணீரை இறக்கி, நெய்யை ஊற்றி, தக்கையால் அடைப்பார்கள். இதைச் சடங்காக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். நெய் கெடாது. ஓடு உடையாது, கசியாது, உருண்டாலும் ஒன்றும் ஆகாது. சந்நிதானத்தில் உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டால் ஒரு மூடி ஆழித் தீக்குப் போய்விடும். பாத்திரத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வர வேண்டிய வேலையே இல்லை. போகும்போது இருக்கிற எடை வரும்போது இருக்கக் கூடாது என்பதை இவ்வளவு சுத்தமாகச் செய்துகாட்டிய இன்னொரு சாமானை நான் பார்த்ததில்லை.

பின்முடியில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய். எருமேலியில் இறங்கி பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கரிமலை தாண்டிப் பம்பைக்குப் போகிற பெருவழியில் அந்தக் காலத்தில் கடை கிடையாது. ராத்திரி ஒரு இடத்தில் விரி போட்டு, கும்பலாகப் பொங்கித் தின்று, யானைக்குத் தீ வளர்த்துப் படுப்பார்கள். ஒவ்வொரு அடுப்பிலும் பின்முடி இளைக்கும். கரிமலை ஏற்றம் வரும்போது கழுத்துக்கு நிம்மதி. ஆனால் அதே பாதை, அழுதை ஆற்றில் முங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டுபோய் கல்லிடும் குன்றில் போடவும் சொல்கிறது. குறைத்துக்கொண்டே வருகிறவனிடம் ஒரு கல்லைக் கொடுத்துத் தூக்கச் சொல்கிற குறும்பு யாருடையதோ.

இந்த யாத்திரை எங்கள் பக்கம் பெருகியது 1950க்குப் பிறகுதான். அந்த வருஷம் சபரிமலைக் கோயில் தீயில் எரிந்தது. புதிதாக வார்த்த பஞ்சலோக விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுவந்ததில் மதுரை பி.டி.ராஜன் முன்னால் நின்றார். 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், நீதிக்கட்சிக்காரர். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை ஐயப்பன் நாடகத்தை ஊர் ஊராகப் போட்டார். ஊர்வலத்தைப் பார்த்தவனும் நாடகம் பார்த்தவனும் மாலை போட்டான். அப்புறம் சாலக்காயம் வழியாகப் பம்பை வரை சாலை வந்தது, பஸ் வந்தது. பின்முடி அரிசி பொங்குகிற அரிசி என்பதிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற அரிசி என்று மெல்ல மாறியது. ஆனால் பையின் அளவை யாரும் மாற்றவில்லை. நானும் என் குரு கொடுத்த அட்டை அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறான ஒரு பயணி எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பா லைன் வியாபாரி. தறிச் சேலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்த் தவணைக்குக் கொடுப்பார். மூட்டை அவர் இடுப்பு உயரம். கட்டுவதற்குக் கயிறு கிடையாது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டை. அது இழுத்தால் நீளும், விட்டால் இறுக்கும், பள்ளத்தில் வண்டி குதித்தாலும் மூட்டையோடு சேர்ந்து குதித்துவிட்டுப் பழைய இடத்துக்கு வரும். இன்றைக்கு இரண்டு பக்கமும் கொக்கி வைத்து நல்ல விலைக்கு விற்கிற ரப்பர் கயிறு அதன் பேரன்தான். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அது எங்கள் ஊர்களுக்குச் செய்ததை ராஜாக்கள் செய்யவில்லை என்று அப்பா சொல்வார். இரண்டு பேர் உட்காரலாம் என்றுதான் அதை விற்றார்கள். எங்கள் ஆட்கள் பின் சீட்டில் ஆள் ஏற்றியதைவிட மூட்டை ஏற்றியதுதான் அதிகம். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை, பின்னால் ஒன்று, ஹேண்டில்பாரில் இரண்டு பை. நடுவில் ஆள் இருப்பதே தெரியாது.

இதில் அப்பாவின் சொந்தச் சாமான் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, தவணைச் சிட்டை, காதில் பென்சில். வாரக்கணக்கில் வெளியே இருப்பவருக்கு அவ்வளவுதான். சோறு வாடிக்கைக்காரர் வீடுகளிலோ கிளப்புக் கடையிலோ, படுக்கை கோயில் மண்டபத்தில், குளியல் கண்மாயில் அல்லது பம்ப்செட்டில். சரக்கு வேறு, சுமை வேறு என்பார். சரக்கு காசு தரும். சுமை காசைத் தின்னும். கூடுதலாக ஒரு சட்டை வைக்கிற இடத்தில் ஒரு சேலை வைக்கலாம் என்பதுதான் அவருடைய துறவு. சாமியார்கள் சொல்கிற துறவைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது.

புல்லட்டுக்கு வருகிறேன். அதுவும் நம்மூர்ச் சங்கதிதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 350 சிசி புல்லட் வண்டிகள் கேட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த கம்பெனி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, திருவொற்றியூரில் தொழிற்சாலை. ராணுவத்துக்காக வந்த வண்டி என்பதால் கனம், கனத்தால் ஒரு நிதானம். மிராசுதாரும் போலீஸ்காரரும் ஓட்டிய வண்டியில் என் காலத்தில் தையல்காரன் நானும் ஏறினேன்.

பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டோடு தூரம் போகிறவன் பையில் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிளக், பாயிண்ட் செட், டியூப் இருக்கும். ஸ்பானர் கட்டு தனி. வெளியூர்க்காரர்களுக்கு இது அதிகமாகத் தெரியும். ஆனால் எஞ்சினைப் பிரித்து மாட்ட வேண்டிய சாமான் எதையும் எவனும் தூக்கியதில்லை, ஏனென்றால் திருவனந்தபுரத்திலிருந்து பதான்கோட் வரை ராணுவமும் போலீசும் இருக்கிற ஊரில் எல்லாம் புல்லட் மெக்கானிக் ஒருத்தன் இருந்தான். பஞ்சாபில் ஒரு சர்தார்ஜி கடையில் வண்டியை நிறுத்தி எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. டேப்பட் என்ற ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது.

உலகம் சுற்றியவர்களின் பாதை அப்படி இல்லை. அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டன் 1932இல் லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, துருக்கி, இராக் பாலைவனம், இந்தியா, சீனா என்று சுற்றினார். 40,000 அடி சினிமாப் பிலிமும் அதைப் பிடிக்கிற கேமராவும், எஞ்சினுக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு கைத்துப்பாக்கியும் அவருடைய சாமான்களில் அடக்கம். 1973இல் டெட் சைமன் என்கிற ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர் 500 சிசி டிரையம்பில் கிளம்பி நான்கு வருஷம் சுற்றினார். அவரும் இந்தியா வழியாகத்தான் போனார். இவர்கள் புத்தகங்களை வைத்து இன்றைய பையன்கள் சாமான் பட்டியல் போடுகிறார்கள். சஹாராவுக்குப் போட்ட கணக்கை நாக்பூருக்கு வைத்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? நாக்பூரில் துவைத்துக் காயப்போட கயிறு இருக்கிறது, சோப்பு விற்கிறான், பனியன் விற்கிறான். விற்கிற பனியன் பெரும்பாலும் நம் திருப்பூர் பனியன்.

நம் நாட்டில் அந்தக் கணக்கு உண்மையிலேயே பொருந்துகிற வழிகளில் மணாலி – லே வழி முக்கியமானது. லடாக்கை வெளியாட்களுக்குத் திறந்ததே 1974இல்தான். கேலாங்குக்குச் சற்று முன்னால் தாண்டி என்கிற இடத்தில் பெட்ரோல் பங்கும், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்கிற பலகையும் உண்டு. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு பலகைதான் ஒரு தொழிலையே உண்டாக்கியது என்று சொல்வேன். புல்லட் டாங்க் பதின்மூன்று, பதினான்கு லிட்டர். சுமையோடு, மலை ஏற்றத்தில், பாரலாச்சா கணவாய், தங்லங் கணவாய் என்று பதினாறு, பதினேழாயிரம் அடிக்கு ஏறும்போது லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று எவனாலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் கேன். கேனை வைக்க இரும்புச் சட்டம். டெல்லி கரோல் பாக்கில் அந்தச் சட்டத்துக்கு லடாக் கேரியர் என்றே பெயர். இப்போது ராஜபாளையத்தில் பால் வாங்கப் போகிற புல்லட்டிலும் அது இருக்கிறது.

சட்டம் வந்தால் அதை நிரப்ப மனசு தேடும். நிரப்பினால் எடை பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் போய் உட்காரும். முன் சக்கரம் லேசாகி, ஜல்லியில் ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்கு ஆடும். கனமான சாமான் கீழே, எஞ்சினை ஒட்டி இருக்க வேண்டும். மேலே துணிமணி மட்டும். அதனால்தான் நான் தைக்கிற பையின் அடிப்பக்கம் கித்தானில் இரண்டு மடிப்பு, மேல்பக்கம் ஒற்றை. மேலே கனம் வைத்தால் தையல் விட்டுவிடும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். விடாது. சும்மா சொல்வது.

குளிருக்கு வேண்டியதையும் தெற்கத்தி ஆட்கள் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகிறார்கள். கரிசல் காட்டு வெயிலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கம்பளியைச் சுமக்கிற காட்சி எனக்குப் பிடிபடுவதே இல்லை. மணாலி பஜாரில் அது குவிந்து கிடக்கிறது. போன இடத்தில் வாங்கி, வரும்போது பார்சலில் போட்டுவிடலாம். வழியில் சர்ச்சு, பாங் என்கிற இடங்களில் கோடைக்காலத்தில் கூடாரம் போட்டு ரஜாயும் சூடான நூடுல்ஸும் தருகிறார்கள். அந்தக் கூடாரத்துப் பெண்கள் மங்கம்மாளின் வேலையைத்தான் பார்க்கிறார்கள், கட்டணத்துக்கு. ராத்திரி அங்கே மூச்சுத் திணறிக் கிடந்த என் சோட்டாளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, விடிந்ததும் கீழே இறங்கச் சொன்னதும் ஒரு கூடாரக்காரிதான். எங்கள் பையில் மாத்திரை இருந்தது. எப்போது இறங்க வேண்டும் என்கிற அறிவு இல்லை.

இப்போது சபரிமலைக்கும் எங்கள் பையன்கள் பைக்கில் போகிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சொந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் நிலக்கல் என்று ஆகிவிட்டது. அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ். இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட முடியாதே, என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். பின்னால் கேரியரில் வைக்கக் கூடாது என்று குருசாமி சொன்னதற்கு மரியாதை காரணம். எனக்கு எடை காரணம். இரண்டுக்கும் ஒரே உறை போதும். விமானத்தில் போகிறவர்களுக்கும் வழி பிறந்தது. எண்ணெய்ச் சத்து உள்ள சாமான் என்று தேங்காயைக் கைப்பையில் அனுமதிக்காத விமானப் பாதுகாப்புத் துறை, 2024 சீசனில் இருமுடித் தேங்காயைச் சோதித்துவிட்டு 2025 ஜனவரி 20 வரை கையில் கொண்டுபோகலாம் என்று விலக்குக் கொடுத்தது.

அதே 2024இல்தான் சபரிமலை தந்திரி கண்டரரு ராஜீவரு தேவஸ்வம் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருமுடியில் கர்ப்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம். சந்நிதானத்தில் அவை பயன்படுவதில்லை, குப்பையாகத்தான் சேருகின்றன. முன்முடியில் உணக்கலரி என்கிற பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கை போதும். பின்முடியில் கொஞ்சம் அரிசி போதும், வழியெல்லாம் இப்போது சாப்பாடு கிடைக்கிறது என்பது அதன் சாரம். போர்டும் அதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. பிளாஸ்டிக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

செய்தியைப் படித்ததும் அட்டை அளவை எடுத்துப் பின்முடியை நாலு விரற்கடை குறைத்து வெட்டினேன். எங்கள் ஊர்க் குருசாமி கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, துணி விலை ஏறிப்போச்சா?"

தந்திரி சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பெருவழியில் போகிற நாலு பேருக்குப் பழைய அளவிலேயே வேண்டும், மற்றவர்களுக்கு உங்கள் இஷ்டம் என்றார். நியாயம்தான்; கரிமலைக்குள் அவர்கள் இன்னும் ராத்தங்குகிறார்கள். இப்போது இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். ஆர்டர் எடுக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் எருமேலியா நிலக்கல்லா என்று குறித்துக்கொள்கிறேன். நிலக்கல்காரர்களில் பாதிப் பேர், குறைத்த பின்முடிக்குள் பவர் பேங்க் வைக்க ஒரு ஜிப் அறை கேட்கிறார்கள். அதற்குப் பதினைந்து ரூபாய் கூடுதல்.